காணா வெப்பமும் காந்த ஊசியும்

முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில் தூத்துக்குடியிலிருந்து தோணிகள் நள்ளிரவில் நிலக்காற்றோடு புறப்படும். பொழுது புலரும் வேளையில் அவை முத்துச் சிப்பிகள் விளையும் பார்களை அடையும். குளியாளி கனத்த கல் ஒன்றின் துணைகொண்டு கடலடிக்கு இறங்குவான். மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவான். தோணியில் நிற்பவன் கையில் கயிறு இருக்கும். கீழே இருப்பவனை அவன் காணான். அவன் குரலையும் கேளான். கயிற்றில் தோன்றும் ஒரு சிறு அசைவே அவனுக்குச் செய்தி. அதனை உணர்ந்த அளவில் அவன் குளியாளியை மேலே இழுத்துவிடுவான். அவ்வசைவைப் பிழைபட உணர்ந்தாலோ ஓர் உயிரே போய்விடும். 1961ஆம் ஆண்டுக் குளிப்போடு இத்தொழில் நின்றுபோயிற்று. ஆயினும் அது புகட்டும் பாடம் இன்றும் நமக்கு வேண்டுவதாகும்.

கண்ணாற் காணாத ஒன்றை அதனோடு தொடர்புடைய மற்றொன்றைக் கொண்டு அறியும் முறையை நம் முன்னோர் 'கருதல்' என்றனர். காண்டல், கருதல், உரை என அறிவுக்குரிய அளவைகளை அவர்கள் மூன்றாக வகுத்தனர். அடுப்பைக் காணாமலே கூரைமேல் எழும் புகையைக் கண்டு உள்ளே நெருப்பு உண்டு என்று துணிகிறோம். இது கருதலாகும். நம் காலடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள வெப்பத்தையும் இக்காலத்து அறிஞர் இவ்வாறே கருதி அறிகின்றனர். அவர்களுக்குப் புகையாகவும் கயிறாகவும் அமைவது காந்தம். வெப்பத்துக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு? அவ்வுறவு நமக்கு எவ்வாறு பயன்படுகிறது? அதனை எவ்வளவு நம்பலாம்? இவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தூத்துக்குடிக்குத் தெற்கே கொற்கை என்னும் சிற்றூர் உள்ளது. பாண்டியர் காலத்தில் முத்து வணிகத்தால் கடல் கடந்த நாடுகளிலும் புகழ்பெற்று விளங்கிய துறைமுகம் அதுவே. இன்று அவ்வூரில் நின்று செவி சாய்த்தால் அலையோசை கேட்பதில்லை. கடல் சில கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிட்டது. கொற்கைக்குப் பின் சிறப்புற்ற காயல் துறைமுகத்துக்கும் இந்நிலையே நேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வியந்து கூறிய அத்துறைமுகம் இன்று பழையகாயல் என்னும் பெயரோடு உள்ளடங்கிக் கிடக்கிறது. இவ்விரண்டையும் தூர்த்தது பகைவர் படையன்று. பொதிகையிற் பிறந்து வரும் தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்து சேர்த்த வண்டலே ஆகும்.

இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒரு துறைமுகத்தைத் தூர்க்க வல்ல வண்டல் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எத்துணை உயரத்துக்குப் படியும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுற்ற காலத்தில், இன்றைய தமிழகத்தின் கீழைக் கரையோரமாக நிலம் இழுபட்டு விரிந்தது. விரிந்த இடங்கள் வெடித்துத் தாழ்ந்தன. தாழ்ந்த பள்ளங்களில் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொட்டின. கடல் ஏறியபோது சுண்ணமும் சேறும் படிந்தன. மேலே படிந்தவற்றின் பாரத்தால் கீழே கிடந்தவை இறுகிக் கல்லாயின. இவ்வாறு படிவுகள் அடுக்கடுக்காக நிறைந்த பெரும் பள்ளத்தைப் படிவுப் படுகை என்பர். காவிரிப் படுகையும் அதன் தெற்கே தொடரும் மன்னார் வளைகுடாப் படுகையும் இத்தகையன. அவற்றின் ஆழ்ந்த பகுதிகளில் படிவுகளின் கனம் 5 கிலோமீட்டரையும் கடக்கிறது. அப்படிவுகளுக்கு அடியில், தென்பாண்டி நாட்டின் மேற்குப் பகுதியில் வெளியே தெரிகின்ற பழம்பாறைகளைப் போன்றவை அடித்தளமாக அமைந்துள்ளன.

இப்படுகையின் அடியில் எவ்வளவு வெப்பம் உள்ளது என்று அறிவதால் வரும் பயன் யாது? அப்பயன் இரண்டு வகைப்படும்.

பெட்ரோலியம் உண்டாவதற்கு வெப்பம் வேண்டும் என்பது ஒன்று. பண்டைக் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் எச்சம் சேற்றோடு புதைந்து, ஏறத்தாழ 60 டிகிரி முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்தால் எண்ணெயாக மாறுகிறது. வெப்பம் அதனினும் மிகுந்தால் எண்ணெய் சிதைந்து எரிவாயுவாகிறது. சோறு சமைப்பவள் தீயை அளவறிந்து எரிப்பாள். தீ குறைந்தால் அரிசி வேகாது, மிகுந்தால் சோறு கருகிவிடும். மண்ணுக்குள் நிகழும் சமையலும் இத்தகையதே. 1964ஆம் ஆண்டில் காரைக்காலில் காவிரிப் படுகையின் முதல் ஆய்வுக் கிணறு தோண்டப்பட்டது. 2011ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பகுதியில் எரிவாயு கண்டறியப்பட்டது. எங்கே எண்ணெய் இருக்கும், எங்கே வாயு இருக்கும், எங்கே இரண்டும் இரா என்று முன்கூட்டி எண்ணுவதற்கு அடிநிலத்து வெப்பத்தை அறிதல் இன்றியமையாதது.

அவ்வெப்பமே ஆற்றலாகும் என்பது மற்றொன்று. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்கச் செய்து, அந்நீராவியால் சுழலியைச் சுழற்றி மின்சாரம் ஆக்குவதே அதன் பணி. இத்தாலி நாட்டில் லார்தெரெல்லோ என்னும் இடத்தில் 1904ஆம் ஆண்டில் நிலத்தினின்று தானே எழும் நீராவியைக் கொண்டு விளக்குகளை எரியச் செய்து காட்டினர். 1913இல் அங்கே மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு நிலக்கரியும் வேண்டுவதில்லை, புகையும் எழுவதில்லை. ஆனால் எல்லா நிலத்தின் அடியிலும் அத்தகைய கொதிப்பு எட்டும் ஆழத்தில் இருப்பதில்லை. இருக்கும் இடத்தை அறிந்த பின்னரே துளையிட முயல வேண்டும். ஓர் ஆழ்கிணறு தோண்டுவதற்குப் பல கோடி ரூபாய் செலவாகும். கணிப்புப் பிழைத்தால் அப்பொருள் முழுதும் மண்ணுக்கே இரையாகும்.

நிலத்தைத் தோண்டி வெப்பமானியை இறக்கிப் பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். தோண்டும் வரையில் அது செம்மையான வழியே. ஆனால் மனிதன் தோண்டியது மிகச் சிறிது. மைசூர்ச் சீமையில் புகழ்பெற்று விளங்கி 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோலார்த் தங்கச் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. அதன் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேற்பட்டிருந்தது. உருசிய நாட்டின் கோலாத் தீபகற்பத்தில் 1970ஆம் ஆண்டில் தொடங்கிய ஆழ்துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டிற்று. அங்கே 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்தனர். இருந்ததோ 180 டிகிரி. பாறை இளகித் துளை மூடிக்கொள்ளத் தொடங்கியமையால் மேலும் செல்ல இயலவில்லை. பூமியின் நடுவுக்கு 6,371 கிலோமீட்டர் இருக்க, நாம் தொட்டது 12 கிலோமீட்டரே. ஆகவே காண்டல் முடியும் இடத்தில் கருதலின் துணை வேண்டப்படுகிறது.

இனி, காந்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைக் காண்போம். கொல்லர் உலைக்களத்தில் நன்கு சிவக்கக் காய்ந்த இரும்பின் அருகே காந்தத்தைக் கொண்டுசென்றால் அவ்விரும்பு ஈர்க்கப்படுவதில்லை. ஆறியபின் அதே இரும்பு காந்தத்தில் ஒட்டுகிறது. கடுந்தீயில் காந்தம் தன் ஆற்றலை இழக்கும் என்பதை 1600ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட்டு தம் நூலில் எழுதியுள்ளார். அதனை அளந்து காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் கியூரி. 1895ஆம் ஆண்டில் அவர் பல பொருள்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து ஆராய்ந்தார். ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்தால் அதன் வலிய காந்தத் தன்மை நீங்கிவிடும் என்பது அவர்தம் ஆய்வால் தெளிவாயிற்று. அவ்வெல்லை கியூரி வெப்பநிலை என அவர் பெயராலேயே வழங்குகிறது. தூய இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ்.

பாறைகளுக்குக் காந்தத் தன்மையைத் தருவது பெரும்பாலும் மாக்னடைட்டு என்னும் கரிய இரும்புத் தாது ஆகும். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இத்தாது மிகுதியாக உள்ளது. கடற்கரை மணலில் ஒரு காந்தத்தை இழுத்தால் கருந்துகள்கள் மயிர்போல் சிலிர்த்து ஒட்டிக்கொள்வதை நீங்களே காணலாம்; அவற்றுள்ளும் இது கலந்திருக்கும். இம்மாக்னடைட்டின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 580 டிகிரி.

பூமியினுள் செல்லச் செல்ல வெப்பம் மிகுந்துகொண்டே போகிறது என்பதை முன்னரே கண்டோம். அங்ஙனமாயின், ஏதேனும் ஓர் ஆழத்தில் வெப்பம் 580 டிகிரியை எட்ட வேண்டுமன்றோ? அவ்வாழத்துக்கு மேலுள்ள பாறை காந்தம் உடையது. கீழுள்ள பாறை காந்தம் இழந்தது. காந்தப் பாறையின் அடிவிளிம்பு எங்கே என்று கண்டுவிட்டால், 580 டிகிரி வெப்பம் எங்கே உள்ளது என்று கண்டவர் ஆவோம். கயிற்றின் அசைவால் குளியாளியின் நிலையை அறிவது போல, மேலே வந்து எட்டும் காந்த விசையின் சாயலால் ஆழத்து வெப்பத்தை அறிகிறோம்.

அவ்விசையை அளக்கும் கருவிக்குக் காந்தமானி என்று பெயர். தென்தமிழ் நாட்டில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா அளவுடையது. அடிநிலப் பாறைகளால் அதில் உண்டாகும் ஏற்றத்தாழ்வு சில பத்துகளாகவோ சில நூறுகளாகவோ இருக்கும். காந்தமானியை வானூர்தியில் ஏற்றி, வயலை உழுவது போல் நேர்கோடுகளில் முன்னும் பின்னும் பறந்து இவ்வேறுபாட்டைப் பதிவு செய்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய எழுந்த கலை இப்பணிக்கு உதவிற்று. கடலில் கப்பலின் பின்னே நெடுந்தொலைவில் கருவியைக் கட்டி இழுத்துச் செல்வர். கப்பலின் இரும்பு அளவைக் கெடுக்காமல் இருத்தற்காக அவ்வாறு செய்கின்றனர்.

படிவுப் பாறைகளில் காந்தத் தாது மிகக் குறைவாகவும் சிதறியும் கிடப்பதால் அவை காந்தமானிக்குத் தெளிந்த நீர் போல்வன. அந்நீருக்கு அடியில் கிடக்கும் பார் போன்றது அடித்தளப் பாறை. அதன் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் எவ்வாறு பிரித்தறிவது?

தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று அலைகளை நோக்குங்கள். காற்றடித்த அளவில் எழும் சிற்றலைகள் நெருங்கி நெருங்கி வரும். அவற்றின் ஊடே, நெடுந்தொலைவிலிருந்து வரும் பேரலை மெல்ல எழுந்து அகன்று தாழும். இரண்டும் ஒரே நீரில் கலந்தே இருப்பினும், உற்று நோக்குவார்க்கு வேறுவேறாகத் தோன்றும். காந்தப் பதிவிலும் இவ்வாறே நெருங்கிய மேடுபள்ளங்கள் மேலுள்ள பாறையால் உண்டாகின்றன. அகன்று மெலிந்த மேடுபள்ளங்கள் ஆழத்துப் பாறையால் உண்டாகின்றன. கணக்கியல் முறையால் பதிவை அலைநீளம்தோறும் பிரித்து, எவ்வெவ் அலைநீளத்துக்கு எவ்வளவு வலிமை என்று ஒரு வரைபடம் தீட்டுவர். அக்கோட்டின் ஒரு பகுதியின் சாய்வு காந்தப் பாறையின் மேல்விளிம்பு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று காட்டும். மிக நீண்ட அலைகளைக் குறிக்கும் பகுதியின் சாய்வு அப்பாறையின் நடு எங்கே உள்ளது என்று காட்டும். மேலும் நடுவும் தெரிந்தால் அடியைக் காண்பது எளிது. நடுவின் ஆழத்தை இருமடங்காக்கி அதனின்று மேல்விளிம்பின் ஆழத்தைக் கழிக்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைக் கற்பனையாகக் கொள்வோம். ஓரிடத்தில் மேல்விளிம்பு 4 கிலோமீட்டர், நடு 13 கிலோமீட்டர் எனக் கொள்க. 13இன் இருமடங்கு 26. அதில் 4ஐக் கழித்தால் 22. ஆகவே அடிவிளிம்பு 22 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. நிலமேற்பரப்பின் வெப்பம் 30 டிகிரி, அடிவிளிம்பின் வெப்பம் 580 டிகிரி. இரண்டுக்கும் வேற்றுமை 550. அதனை 22ஆல் வகுக்க, கிலோமீட்டருக்கு 25 டிகிரி வீதம் வெப்பம் ஏறுகிறது என்று பெறப்படும். இவ்வீதத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் 105 டிகிரி இருக்கும். மற்றோரிடத்தில் அடிவிளிம்பு 11 கிலோமீட்டரிலேயே வந்துவிட்டால் வீதம் 50 ஆகும். அதே 3 கிலோமீட்டர் ஆழத்தில் 180 டிகிரி இருக்கும். அடிவிளிம்பு மேலே ஏறிவரும் இடத்தில் நெருப்பு அண்மையில் உள்ளது என்பது இதனால் விளங்கும். கோலாரிலோ வெப்பம் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 டிகிரி வரையே ஏறிற்று. மிகப் பழைய, குளிர்ந்த பாறைத் தொகுதியின் இயல்பு அது.

இவ்வாராய்ச்சிக்குத் தென்பாண்டிக் கடற்கரை தனிச்சிறப்பு உடையது. பூமியில் காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோட்டைக் காந்த நடுவரை என்பர். அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963ஆம் ஆண்டில் ஏவுகணைத் தளம் அமைத்ததற்கும் அதுவே காரணம். இவ்வரையின் அருகில், பகற்பொழுதில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி வலிமையாகப் பாய்கிறது. அதனால் நிலத்தில் உள்ள காந்தமானியின் அளவு நண்பகலில் ஏறி மாலையில் இறங்குகிறது. வானத்தால் வந்த இவ்வேற்றத்தைப் பாறையால் வந்தது என்று மயங்கினால் கணக்கு முழுதும் பாழாகும். எனவே ஓரிடத்தில் நிலையாக ஒரு காந்தமானியை வைத்து, நாள்முழுதும் பதிவு செய்து, அவ்வேற்றத்தைக் கழித்துவிடுகின்றனர். மேலும், வடநாடுகளில் காந்தப் பாறைக்கு நேர்மேலே புலம் மிகுந்து தோன்றும். நடுவரையின் அருகிலோ பாறைக்கு நேர்மேலே அது குறைந்து தோன்றும். இவ்வேறுபாட்டை அறியாதவர் மேட்டைத் தேடிப் பள்ளத்தில் இருப்பதை இழப்பர்.

இப்பகுதியில் காந்தத்தை அளக்கும் பணி நெடுங்காலமாக நடந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரூன் என்பார், திருவனந்தபுரத்தில் மட்டுமன்றி அகத்திய மலையின் மீதும் காந்த ஆய்வகம் அமைத்துப் பதிவுகள் செய்தார். தாமிரபரணி பிறக்கும் பொதிகைத் தொடரைச் சேர்ந்ததே அம்மலை. நம் காலத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் ஒன்றை நடத்துகிறது.

காந்த ஆய்வகத்தை எவ்வளவு தூய்மையாகப் பேண வேண்டும் என்பதற்குப் பம்பாய் வரலாறு சான்றாகும். அங்கே கொலாபாவில் 1841 முதல் காந்தப் பதிவுகள் செய்து வந்தனர். நகரில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தமையால் பதிவு கெடும் என்று உணர்ந்து, கடலுக்கு அப்பால் அலிபாக்கில் 1904ஆம் ஆண்டில் புதிய ஆய்வகத்தை அமைத்தனர். சில ஆண்டுகள் இரண்டிடத்தும் ஒருங்கே பதிவு செய்து ஒப்பிட்டு, பின்னரே பழையதை விட்டனர். பளுதூக்கிகளும் இரும்புக் கப்பல்களும் இருப்புப்பாதையும் நிறைந்த துறைமுகத்தின் நடுவே காந்தமானியை வைத்தால் அது பாறையின் செய்தியைச் சொல்லாது. துறைமுகத்தின் செய்தியைத்தான் சொல்லும்.

இம்முறையை எவ்வளவு நம்பலாம் என்பதே இனி நாம் கேட்க வேண்டிய வினா. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவோர் மூடுபனியையும் புகை என்று மயங்கக் கூடும் அன்றோ? அது போன்ற மயக்கங்கள் இங்கும் உள்ளன.

முதலாவது, தாதுவைப் பற்றிய மயக்கம். மாக்னடைட்டில் டைட்டானியம் கலந்தால் அதன் கியூரி வெப்பநிலை குறைந்துவிடும். மேற்கண்ட கணக்கில் எல்லை 580 அன்று, 470 என்று வைத்துக்கொண்டால், வீதம் 20 ஆகும். 3 கிலோமீட்டரில் 105 டிகிரி என்றது 90 டிகிரியாகச் சுருங்கும்.

இரண்டாவது, அடிவிளிம்பைப் பற்றிய மயக்கம். காந்தம் ஓராழத்தில் முடிவது வெப்பத்தால் மட்டும் அன்று; அங்கே காந்தத் தாது இல்லாத வேறினப் பாறை தொடங்குவதாலும் முடியலாம். அப்போது வெப்பம் 580 டிகிரியை எட்டாமலே நாம் எட்டிற்று என்று கூறிவிடுவோம்.

மூன்றாவது, கணக்கைப் பற்றியது. நடுவின் ஆழத்தை இருமடங்காக்குவதால், அதில் 1 கிலோமீட்டர் பிழை நேர்ந்தால் அடிவிளிம்பில் அது 2 கிலோமீட்டர் பிழையாகும். மேலும் 20 கிலோமீட்டர் ஆழத்தைக் காண வேண்டுமாயின் நூறு, இருநூறு கிலோமீட்டர் பக்கம் கொண்ட பரப்பின் பதிவை ஒருங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அவ்வளவு பெரும்பரப்புக்குக் கிடைக்கும் விடை ஒன்றே. அது ஒரு நாட்டின் சராசரி மழையைச் சொல்வது போன்றது. நம் வீட்டு முற்றத்தில் பெய்யும் மழையை அது சொல்லாது.

நான்காவது, வெப்பம் ஒரே சீராக ஏறுகிறது என்று கொண்டது. நீறு பூத்த நெருப்பை நீங்கள் அறிவீர்கள். மேலே சாம்பல் குளிர்ந்திருக்கும். அதனடியில் தணல் கனன்றுகொண்டிருக்கும். வெப்பம் சாம்பலை ஊடுருவி எளிதில் வெளியேறாமையே அதற்குக் காரணம். களிமண் மிகுந்த படிவுப் பாறைகளும் அத்தகையனவே. ஆகையால் படிவுகளுக்குள் வெப்பம் விரைந்து ஏறும். அடித்தளப் பாறையில் மெல்ல ஏறும். அப்பாறையில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிதைவதால் எழும் வெப்பமும் மேற்பகுதியின் வீதத்தை உயர்த்தும். ஒரே வீதம் என்று கொண்டு வகுத்த நம் கணக்குப் படுகையின் உண்மை வெப்பத்தைக் குறைத்துக் காட்டக் கூடும்.

இத்தனை மயக்கங்கள் உள்ளமையால் இம்முறை பயனற்றது என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. பரந்த நிலத்தில் எப்பகுதி வெம்மையானது, எப்பகுதி குளிர்ந்தது என்று முதற்கண் பிரித்துக் காட்டுவதற்கு இது மிக ஏற்றது. அதன்பின் அளவையாளர் வேறு சான்றுகளையும் தேடுகின்றனர். தோண்டிய எண்ணெய்க் கிணறுகளில் வெப்பமானியை இறக்கி அளக்கின்றனர். தோண்டும்போது செலுத்திய சேற்றுநீர் கிணற்றைக் குளிரச் செய்திருக்கும். ஆதலால் அந்த அளவையும் திருத்தியே கொள்கின்றனர். கிணற்றினின்று எடுத்த பாறைத் துண்டு வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்று ஆய்வகத்தில் அளக்கின்றனர். ஐதராபாத்தில் 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய ஆய்வுகளைச் செய்து வருகிறது. ஊற்றுநீரின் வெம்மை, நிலநடுக்க அலைகளின் வேகம், புவியீர்ப்பின் வேறுபாடு ஆகியவற்றையும் சான்றாகக் கொள்கின்றனர். பல சான்றுகளும் ஒன்றையே கூறும்போது கருதல் உறுதிபெறுகிறது. அவை தம்முள் மாறுபட்டால், பிழை எங்கே என்று மீண்டும் தேடுகின்றனர்.

மாணவர்களே, அறிவியலில் ஓர் எண்ணைக் கூறுவது எளிது. அவ்வெண் அளந்ததா கருதியதா என்று உடன் கூறுவதே நேர்மை. '3 கிலோமீட்டரில் 105 டிகிரி' என்று மட்டும் எழுதி வைத்தால், படிப்பவர் அதனைக் கிணற்றில் அளந்த உண்மை என்று நம்பிவிடுவார். அந்நம்பிக்கையால் பெரும்பொருளையும் செலவிடுவார். 'காந்தத்தால் கருதியது, 90 முதல் 105 வரை இருக்கலாம், கிணற்றளவால் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதினால், அச்சொல் அவருக்கு வழியும் காட்டும், காவலாகவும் நிற்கும்.

தோணியில் கயிறு பிடித்து நின்றவன் கடலடியைக் கண்டவன் அல்லன். ஆயினும் எந்த அசைவு நீரோட்டத்தால் வந்தது, எந்த அசைவு குளியாளியின் கையால் வந்தது என்று பிரித்தறியும் பயிற்சி அவனுக்கு இருந்தது. உறுதியற்ற அசைவைக் கண்டபோதும் அவன் அசட்டையாக இருந்துவிடவில்லை. கீழே இருப்பவன் உயிர் தன் கையில் உள்ளது என்பதை அவன் மறந்ததில்லை. காணாத ஒன்றைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவருக்கும் அந்த விழிப்பு வேண்டும். அவ்விழிப்போடு கருதுவோர்க்கே ஆழம் தன் செய்தியை மெய்யாகச் சொல்லும்.

பயிற்சி

1. கொற்கையும் காயலும் கடலினின்று விலகியமைக்குக் காரணம் யாது? அதனைக் கொண்டு படிவுப் படுகை தோன்றும் முறையை விளக்குக.

2. காண்டலுக்கும் கருதலுக்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடத்தில் வந்த சான்றுகளால் எடுத்துக்காட்டுக.

3. ஓரிடத்தில் காந்தப் பாறையின் மேல்விளிம்பு 2 கிலோமீட்டர். நடு 11 கிலோமீட்டர். நிலமேற்பரப்பின் வெப்பம் 30 டிகிரி. கியூரி வெப்பநிலை 580 டிகிரி எனக் கொண்டு, கிலோமீட்டருக்கு எவ்வளவு வெப்பம் ஏறும் என்று காண்க. நடுவின் ஆழம் 12 கிலோமீட்டர் என்று மாறினால் விடை எவ்வாறு மாறும்?

4. காந்த நடுவரையின் அருகில் ஆய்வு செய்வோர் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் யாவை?

5. 'நீறு பூத்த நெருப்பு' என்னும் தொடர் படிவுப் பாறைகளின் இயல்பை எவ்வாறு விளக்குகிறது?